ஆறு பாட்டில் கணக்கு: ஸ்ட்ராங் பீரை இப்போ திறக்கணுமா, எடுத்து வைக்கணுமா?

முதல்ல வழக்கமான அறிவிப்பு: இது குடி பத்தின எபிசோட். 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க, குடிக்காதவங்க, குடியை விட்டவங்க, நீங்க இதைத் தாராளமா தாண்டிப் போகலாம். போன வாரம் பேசின இருசக்கர வாகன இன்சூரன்ஸ் எபிசோட் உங்களுக்கு ரொம்பப் பிரயோஜனமா இருக்கும்.

மத்தவங்க உட்காருங்க. ஒரு கதையோட ஆரம்பிக்கிறேன்.

2023 செப்டம்பர். பிரஸ்ஸல்ஸ்ல என் ப்ராஜெக்ட் முடிஞ்சு சென்னைக்குக் கிளம்பணும். ரெண்டரை வருஷம் அங்க இருந்தேன். என் ரூம்மேட் என்கூட இன்ஜினியரிங் படிச்சவன், திருச்சிக்காரன். அவனுக்கு கனடா வேலை வந்திருச்சு, அவனும் அடுத்த மாசம் கிளம்புறான். அங்க பழைய அடுக்குமாடி வீடுகள்ல ஒவ்வொரு வீட்டுக்கும் அடித்தளத்துல ஒரு சின்ன நிலவறை குடுப்பாங்க. எங்களோடதுல ஒரு உடைஞ்ச சைக்கிள், ரெண்டு பெட்டி, அப்புறம் 14 பீர் பாட்டில் இருந்துச்சு.

இப்போ கணக்கு. இந்தியாவுக்குள்ள வர்றப்போ வரி கட்டாம ஒரு ஆள் கொண்டு வரக்கூடிய மது 2 லிட்டர். பெல்ஜிய பீர் பாட்டில் பெரும்பாலும் 330 மில்லி. ஆறு பாட்டில்னா 1.98 லிட்டர். அதாவது ஆறு. ஏழாவதுக்கு இடமே இல்லை.

14 பாட்டில்ல எந்த ஆறு ஊருக்கு வரும்? மீதி எட்டை அந்த வாரமே குடிக்கணும். அன்னிக்கு ராத்திரி நிலவறையில டார்ச் அடிச்சுக்கிட்டு நானும் அவனும் சண்டை போட்டோம். அந்தச் சண்டையிலதான், நான் ரெண்டு வருஷமா தப்பாவே யோசிச்சுட்டு இருந்திருக்கேன்னு எனக்குப் புரிஞ்சுது.

"ஸ்ட்ராங்" ஒரு காரணம் மட்டும்தான்

என் தப்பு என்னன்னு சொல்றேன். "ஆல்கஹால் அதிகமா இருந்தா எடுத்து வைக்கலாம், வைக்க வைக்க ருசி கூடும்." இதுதான் என் சூத்திரம். ஒயின் பத்தி சினிமாவுல பார்த்ததை அப்படியே பீர் மேல ஒட்டி வெச்சிருந்தேன்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடலாம். நம்ம ஊர்ல கடைக்குப் போய் "ஸ்ட்ராங் குடுங்க"ன்னு கேட்டா வர்றது 5-க்கு மேல 8 சதவீதத்துக்குள்ள ஆல்கஹால் இருக்கிற லாகர். பெரும்பாலும் வடிகட்டி, சூடுபடுத்தி, ஈஸ்ட் உயிரோட இல்லாம பாட்டில்ல அடைச்சது. அதை வைக்கிறதால ஒரு லாபமும் கிடையாது. பாட்டில் மேல இருக்கிற தயாரிப்புத் தேதியைப் பாருங்க. இருக்கிறதுலயே புதுசை வாங்குங்க. அன்னிக்கே முடிங்க. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

கேள்வி சிக்கலாகுறது பெல்ஜியம், இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் செய்ற பலமான ஏல் வகைகள்லதான். அதுலயும் ஒரே பலம் இருக்கிற ரெண்டு பீர், எதிரெதிர் திசையில போகும்.

கலிஃபோர்னியாவுல இருந்து ரெண்டு உதாரணம். ரஷ்யன் ரிவர் ப்ரூயிங் செய்ற "ப்ளைனி தி எல்டர்", 8 சதவீதம். இது டபுள் ஐபிஏ. எடுத்து வைக்காதே, குளிர்ச்சியில வை, சீக்கிரம் குடின்னு அந்த பாட்டில் லேபிளே கெஞ்சுது. இன்னொண்ணு சியரா நெவாடாவோட "பிக்ஃபுட்", 9.6 சதவீதம், பார்லி ஒயின் வகை, 1983-ல இருந்து வருது. அதுலயும் ஹாப்ஸ் ஏராளம். ஆனா வருஷம் பார்த்து வாங்கி அடுக்கி வெச்சு, அஞ்சு வருஷப் பழசையும் இந்த வருஷத்ததையும் பக்கத்துல வெச்சுக் குடிக்கிற ஆளுங்க அதுக்கு இருக்காங்க.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒண்ணரை சதவீத வித்தியாசம்தான். அப்போ விஷயம் ஆல்கஹால்ல மட்டும் இல்லைன்னு ஆகுதுல்ல?

பாட்டிலுக்குள்ள என்ன நடக்குது?

மூடி போட்ட உடனே உள்ள எல்லாம் நின்னுடுறதில்லை. மெதுவா சில வேலைகள் நடந்துக்கிட்டே இருக்கும்.

முதல்ல ஹாப்ஸ் வாசனை போகும். ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மரம்னு மூக்குல அடிக்கிற அந்த வாசனை எண்ணெய்கள் ரொம்ப மென்மையானவை. சில மாசத்துல மங்கிடும். கசப்பும் கொஞ்சம் கொஞ்சமா தேயும்.

அடுத்தது ஆக்சிஜன். எவ்வளவு கவனமா அடைச்சாலும் துளியாவது உள்ள இருக்கும், மூடி வழியா இன்னும் கொஞ்சம் நுழையும். வெளிர் நிற பீர்ல அது செய்ற வேலைக்கு நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம்னு பேர். ட்ரான்ஸ்-2-நோனெனல்னு ஒரு பொருள் அதுக்கு முக்கியக் காரணம். அதே ஆக்சிஜன், கருப்பா, தித்திப்பா, மால்ட் கனமா இருக்கிற பீர்ல போய் வேலை செஞ்சா பேரீச்சம்பழம், உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின் மாதிரி ஒரு வாசம் எழும்பும். அதே ஆள்தான், போற வீட்டைப் பொறுத்து நடத்தை மாறுது.

மூணாவது, காட்டம் அடங்கும். 10, 11 சதவீத பீரைப் புதுசாக் குடிச்சா தொண்டையில ஒரு எரிச்சல் தெரியும். ஒண்ணு ரெண்டு வருஷத்துல அது வழவழன்னு ஆகும்.

நாலாவது, ஈஸ்ட். நிறைய பெல்ஜிய பீர்கள்ல பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிக்க விடுவாங்க. அடியில மெல்லிசா ஒரு வண்டல் இருக்கும் பாருங்க, அதுதான். அந்த ஈஸ்ட் உள்ள இருக்கிற ஆக்சிஜன்ல ஒரு பங்கைத் தின்னுடும், அதனால பீருக்கு ஒரு பாதுகாப்பு. ஆனா ரொம்ப வருஷம் ஆச்சுன்னா, இல்லை சூட்டுல கிடந்துச்சுன்னா, ஈஸ்ட் செத்து உடைஞ்சு சோயா சாஸ் மாதிரி ஒரு வாசம் விடும்.

இதுல கவனிச்சீங்களா? வயசு எதையும் சும்மா கொண்டு வந்து கொடுக்கல. ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணு தருது. அதனால "இந்த பீர் எத்தனை வருஷம் தாங்கும்?"னு கேட்கிறது பாதிக் கேள்விதான். "இந்த பீர் எதை இழக்கப் போகுது? இழந்தா பரவாயில்லையா?" இதுதான் முழுக் கேள்வி.

நான் இதை இவ்வளவு நேரம் இழுத்துச் சொல்றேன். என் அம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க. ஊருக்கு வந்தப்புறம் இதையெல்லாம் விளக்கிட்டு இருந்தேன். அவங்க பீர் குடிக்கிறவங்க இல்லை, நான் குடிக்கிறதும் பிடிக்காது. கேட்டுட்டு, "இதுல என்னடா இருக்கு? கல்யாண வீட்டு மாங்கா ஊறுகாயை அன்னிக்கே சாப்பிடணும். உப்பு நார்த்தங்காயைப் போட்டா அஞ்சு வருஷம் கழிச்சு எடுக்கணும். ரெண்டும் ஊறுகாதான்"னாங்க. பொடிப் பொடியா நறுக்கின மாங்கால நமக்கு வேண்டியதே அந்த நறுக் நறுக்கும் பச்சை வாசனையும்தான். அது போயிட்டா ஒண்ணும் மிச்சமில்லை. நார்த்தங்கால புதுசுல இருக்கிற கசப்பு போகணும்னுதான் காத்திருக்கோம்.

14 பாட்டிலும் சண்டையும்

இப்போ அந்த நிலவறைக்குத் திரும்பலாம். என்னென்ன இருந்துச்சுன்னு சொல்றேன்: வெஸ்ட்மாலே ட்ரிப்பெல் 3, ஓர்வால் 4, ரோஷ்ஃபோர் 10 மூணு, ஷிமே ப்ளூ ஒண்ணு, ஒரு சின்ன ப்ரூவரியோட டபுள் ஐபிஏ 2, காபி போட்ட ஸ்டவுட் ஒண்ணு.

டபுள் ஐபிஏ கதையை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அது இன்னும் வலிக்குது. ஜனவரியில வாங்கினோம். நாலு பாட்டில். வாங்கின அன்னிக்கு ரெண்டைத் திறந்தோம். நான் குடிச்சதுலயே சிறந்த பீர்ல ஒண்ணு அது. மூடியைத் திறந்தா அறை முழுக்க மாம்பழத் தோல் வாசம். ரூம்மேட் சொன்னான், "மாப்ள, மீதி ரெண்டை என் கனடா விசா வர்றப்போ திறக்கலாம்டா." நல்லா இருக்கிறதை நல்ல நாளுக்கு எடுத்து வைக்கிறது நம்ம ரத்தத்துலயே இருக்கு. ஷோகேஸ்ல இருக்கிற கண்ணாடி டம்ளர் செட்டை நம்ம வீட்டுல யாராவது எடுத்து தண்ணி குடிச்சிருக்கோமா?

விசாவுக்கு எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசம் அவனுக்கு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மெயில் பார்ப்பான். வந்த அன்னிக்குக் கீழ ஓடிப் போய் எடுத்துட்டு வந்து ஊத்தினோம். பொன் நிறத்துல இருந்தது பழுப்பாகி இருந்துச்சு. வாசனை கிட்டத்தட்ட இல்லை. தேன் கலந்த அட்டைப்பெட்டி. அவன் ஒரு வாய் குடிச்சுட்டு "நல்லாத்தாண்டா இருக்கு"ன்னான். நான் மூஞ்சியைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லாம முழுசா குடிச்சு முடிச்சோம். அந்த நாளுக்குன்னே வெச்சது, கீழ ஊத்த மனசு வரலை.

காபி ஸ்டவுட்டும் அதே வாரம் திறந்தோம். 10 சதவீதம், கருப்பு, என் பழைய சூத்திரப்படி பத்து வருஷம் தாங்கணும். ஒரு வருஷத்துல காபி வாசனை போய் குடைமிளகாய் வாசம் வந்திருந்துச்சு. காபி, பழம் எல்லாம் சேர்த்த பீரை, அந்தச் சேர்மானத்துக்காகத்தானே வாங்குறோம்? அது இருக்கிறப்போவே குடிச்சிடணும்.

இதுவரைக்கும் சண்டை இல்லை. சண்டை ட்ரிப்பெல்லுக்குத்தான். வெஸ்ட்மாலே மடத்து ட்ரிப்பெல், 9.5 சதவீதம். 1934-ல வந்தது, இப்போ இருக்கிற வடிவம் 1956-ல இருந்து. பொன் நிறம், பழ வாசம், நல்ல கசப்பு. "9.5டா, ஊருக்கு எடுத்துட்டுப் போ"ன்னு அவன். "வேணாம், இதோட அழகே அந்தத் துள்ளல்தான்"னு நான். எங்ககிட்ட ஒண்ணு ஒரு வருஷத்தது, ரெண்டு புதுசு. சரி, சோதிச்சுப் பார்த்துடலாம்னு பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுக் குடிச்சோம். பழசு கெட்டுப் போகலை. தேன் மாதிரி, உருண்டையா, அமைதியா இருந்துச்சு. அவனுக்கு அது பிடிச்சுது. எனக்குப் புதுசு. ரெண்டுமே தப்பில்லை. ஆனா சென்னைக்குக் கொண்டு வர்ற ஆறுல இதுக்கு இடம் தர்றது வீண்னு அவனும் ஒத்துக்கிட்டான்.

ஓர்வால் தனிக் கதை. 6.2 சதவீதம்தான், இந்தப் பட்டியல்லயே பலம் கம்மி. ஆனா வயசோட அதிகமா உருமாறுறது அதுதான். காரணம் பாட்டில்ல அடைக்கிறப்போ சேர்க்கிற பிரெட்டனோமைசெஸ்ங்கிற ஈஸ்ட். சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் அது நிதானமாத் தின்னுக்கிட்டே இருக்கும். அதனால புதுசுல ஹாப்ஸ் பூ வாசமும் கசப்பும், ஒரு வருஷத்துல வறண்ட ருசியும் வைக்கோல், தோல், மாட்டுத்தொழுவம் மாதிரி ஒரு வாசமும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா கிராமத்துல வளர்ந்தவங்களுக்கு அது நல்ல வாசம்தான். லேபிள்ல அடைச்ச தேதியே இருக்கும். மடத்துக்குப் பக்கத்துல அவங்க நடத்துற கஃபேல புதுசு, பழசு ரெண்டுல எதுன்னு கேட்டே தருவாங்க. புதுசு ரெண்டை அங்கயே குடிச்சோம். பழசு ரெண்டு பெட்டிக்குள்ள போச்சு.

அப்போ ஊருக்கு வந்த ஆறு: ரோஷ்ஃபோர் 10 மூணு, ஷிமே ப்ளூ ஒண்ணு, ஓர்வால் ரெண்டு. ரோஷ்ஃபோர் 10-ல 11.3 சதவீதம், ஷிமே ப்ளூல 9. ரெண்டும் கருப்பு, மால்ட் கனம், அடியில உயிரோட ஈஸ்ட். ஷிமே லேபிள்ல வருஷமே அச்சாகி இருக்கும். புதுசுல ரோஷ்ஃபோர் எங்களுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்துச்சு. அதுக்கு இழக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்துச்சு, அதாவது அந்தக் காட்டம். காத்திருக்க அது போதுமான காரணம்.

இந்த வகை பீரைப் பல வருஷம் வைக்கிறது புதுப் பழக்கமும் இல்லை. இங்கிலாந்துல டார்செஸ்டர் ஊர்ல இருந்த எல்ட்ரிட்ஜ் போப்ங்கிற ப்ரூவரி, எழுத்தாளர் தாமஸ் ஹார்டி இறந்து 40 வருஷம் ஆனதை ஒட்டி 1968-ல ஒரு பார்லி ஒயின் அடைச்சாங்க. ஒழுங்கா வெச்சா 25 வருஷம் வரைக்கும் மெருகேறும்னு லேபிள்லயே எழுதினாங்க.

"ஒழுங்கா வெச்சா." இந்த ரெண்டு வார்த்தையிலதான் சென்னையில நான் மாட்டினேன்.

சென்னை வெயில்

பிரஸ்ஸல்ஸ் நிலவறை வருஷம் முழுக்க 12 டிகிரிய ஒட்டி இருக்கும். இருட்டு. எங்க வீட்டுல இருட்டா ஒரு இடம்னா பரண்தான். ஃப்ரிட்ஜ்ல அஞ்சு பாட்டில் வெச்சதுக்கே அம்மா "காய்கறி எங்கடா வைக்கிறது?"ன்னு கேட்டுட்டாங்க. ஆறாவதா ஒரு ரோஷ்ஃபோரைப் பரண்ல, துணி சுத்தி வெச்சேன். 11.3 சதவீதம், தாங்கும்னு ஒரு நம்பிக்கை. பழைய சூத்திரம் இன்னும் சாகலை பாருங்க.

பத்து டிகிரி ஏறினா ரசாயன வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். 12-ல இருந்து 32-க்குப் போனா நாலு மடங்கு. அதுலயும் எல்லா மாற்றமும் ஒரே அளவுல வேகமாகாது. அதனால "சீக்கிரம் முதிர்ச்சி அடைஞ்சிடும், லாபம்தானே"ன்னு நினைக்காதீங்க. சூட்டுல வேகுறது வேற, ஊறுறது வேற.

ஒரு கோடை முழுக்கப் பரண்ல இருந்ததை 2024 ஜூலையில எடுத்தேன். சோயா சாஸ், அட்டைப்பெட்டி, தட்டையான தித்திப்பு. ஃப்ரிட்ஜ்ல இருந்த ரெண்டும் கிட்டத்தட்ட கொண்டு வந்த மாதிரியே இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல மாற்றம் ரொம்ப மெதுவாத்தான் நடக்கும், ஆனா நம்ம ஊருக்கு அதுதான் பாதுகாப்பு.

முடிவு பண்றது எப்படி?

இப்போ ஒரு பாட்டில் கைக்கு வந்தா நான் கேட்கிற கேள்விகள் இவைதான்.

ஒண்ணு, எங்க வைக்கப் போறேன்? இருட்டும் குளிர்ச்சியும் இருக்கிற இடம் இல்லைன்னா, மத்த கேள்வி எதுவும் வேணாம். குடிச்சிடணும்.

ரெண்டு, இதோட அழகு எதுல இருக்கு? ஹாப்ஸ் வாசனை, காபி, பழம்னா இப்போவே. மால்ட், உலர்பழம், கருப்பட்டி மாதிரி ருசின்னா யோசிக்கலாம்.

மூணு, இப்போ இதுல ஏதாவது உறுத்துதா? உறுத்தினா காலம் அதை மழுக்கும். இப்போவே நல்லா இருந்தா எதுக்குக் காத்திருக்கணும்?

நாலு, அடியில ஈஸ்ட் இருக்கா, 8 சதவீதத்துக்கு மேல இருக்கா? இருந்தா நிமிர்த்தி வைக்கிறேன், தேதி எழுதி ஒட்டுறேன். ஓர்வால் மாதிரி ஸ்பெஷல் ஈஸ்ட் இருக்கிறது மட்டும் விதிவிலக்கு.

அஞ்சு, எத்தனை இருக்கு? ஒண்ணே ஒண்ணு இருந்தா வைக்க மாட்டேன். குறைஞ்சது மூணு இருந்தா, ஒண்ணை இன்னிக்குக் குடிச்சு ருசியைக் குறிச்சு வைக்கிறேன். எதோட ஒப்பிடணும்னே தெரியாம பழசைக் குடிச்சு என்ன பிரயோஜனம்?

சந்தேகம் வந்தா பதில்: இப்போ குடி. சீக்கிரம் திறந்துட்டா நல்ல பீர் ஒண்ணைக் குடிச்சிருப்பீங்க. தாமதமாத் திறந்தா அது கூட கிடையாது. இன்னொண்ணு, 11 சதவீதம்ங்கிறது சாதாரண லாகரை விட ரெண்டு மடங்கு. ஒரு பாட்டிலை ரெண்டு பேர் பங்கு போடுங்க. வண்டியை வீட்டுல விடுங்க.

கடைசியா. போன டிசம்பர்ல ரூம்மேட் டொராண்டோவுல இருந்து வந்தான். அவங்க அக்கா கல்யாணம், திருச்சி போற வழியில சென்னையில ஒரே ஒரு ராத்திரி. ரோஷ்ஃபோர் எடுத்தேன். வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியில வெச்சு, வண்டலைக் கலக்காம ரெண்டு டம்ளர்ல ஊத்தினேன். அம்மாவோட ஷோகேஸ் டம்ளர், கேட்டுட்டுத்தான் எடுத்தேன். எரிச்சல் இல்லை. அத்திப்பழம், கருப்பட்டி, கொஞ்சம் ஒயின் சாயல். அவன் முதல் வாய் குடிச்சுட்டு எதுவும் சொல்லலை. ரெண்டாவது வாய்க்கு அப்புறம், "அந்த ஐபிஏ கேவலமா இருந்துச்சு மாப்ள, அன்னிக்கு உன்கிட்ட சொல்ல மனசு வரலை"ன்னான். எனக்கும் தெரியும்டான்னேன். ரொம்ப நேரம் சிரிச்சோம்.

ஷிமே ஒண்ணு, ரோஷ்ஃபோர் ஒண்ணு, ஓர்வால் ஒண்ணு இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. அவன் "அடுத்த தடவை வர்றப்போ குடிக்கலாம்"னான். எப்போ வருவேன்னு கேட்டேன். தெரியலைன்னான். அப்போ நீ வர்ற வரைக்கும் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இந்த எபிசோடை முடிச்சதும் ஓர்வாலைத் திறக்கப் போறேன்.